கல்யாண வீடியோவுக்கு எத்தனை பேர் வேண்டும்?

மண்டபம் பிடித்தாயிற்று. சமையல்காரருக்கு அட்வான்ஸ் போயாயிற்று. நாதஸ்வரம், மேடை அலங்காரம், பத்திரிகை எல்லாம் பேசி முடித்தாயிற்று. அடுத்தது போட்டோவும் வீடியோவும். ஸ்டுடியோக்காரர் ஒரு தாளை நீட்டுகிறார். அதில் சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ். ஒன்றில் இரண்டு பேர், அடுத்ததில் நான்கு பேர், கடைசியில் ஆறு பேரும் ஒரு ட்ரோனும். தாளைப் பார்த்துவிட்டு வீட்டுப் பெரியவர் கேட்கிறார்: “நமக்கு ஆயிரம் பேர் வருவாங்களே, நாலு பேர் போதுமா?”

கல்யாண வீடியோ எடுப்பதே என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. வருகிறவர் தலையை எண்ணிப் பந்திக்கு இலை வாங்கலாம். கேமரா அந்தக் கணக்கில் வராது. ஆயிரம் பேர் வந்தாலும் வரிசையில் நின்று ஒரே மேடைக்குத்தான் ஏறப் போகிறார்கள். அதை எடுக்க ஒரு கேமரா போதும். ஐம்பதே பேர் வருகிற கல்யாணத்தில், பெண் ஒரு வீட்டிலிருந்தும் மாப்பிள்ளை இன்னொரு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பினால் அங்கே இரண்டு பேர் வேண்டும். ஆகவே நீங்கள் எண்ண வேண்டியது ஒன்றுதான். பின்னாளில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுகிற காரியங்கள், ஒரே நேரத்தில் எத்தனை இடத்தில் நடக்கின்றன?

ஒரு காலை முகூர்த்தத்தை எடுத்து நடந்து பார்ப்போம். முகூர்த்தம் 6 மணியிலிருந்து 7.30 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கே மணமகள் அறையில் மேக்கப் ஆரம்பித்துவிடும். ஜடை பின்னி, பூ வைத்து, அம்மா நகைப் பெட்டியைத் திறக்கும்போது ஐந்து தாண்டிவிடும். அதே நேரத்தில் மாப்பிள்ளை அறையில் நண்பர்கள் வேட்டி கட்டிவிடுகிறார்கள். வாசலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் சொம்பும் வைத்துக்கொண்டு இரண்டு வீட்டுப் பெரியவர்கள் வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்கிறார்கள். இப்போதே மூன்று இடம் ஆகிவிட்டது.

மூன்று இடம் என்பதற்காக மூன்று பேரைப் போட வேண்டியதில்லை. அலங்காரம் மணிக்கணக்கில் நடக்கும். வீடியோவில் அதற்கு வேண்டியது நான்கைந்து நிமிடம். இரண்டு அறைகளும் ஒரே மாடியில் இருந்தால் ஒருவரே மாறி மாறிப் போய் எடுத்துவிடுவார். வாசலில் இன்னொருவர். மாப்பிள்ளை எதிர்த் தெரு லாட்ஜில் தங்கியிருந்தால் கதை வேறு. லிஃப்ட் ஏறி, இறங்கி, ரோட்டைக் கடந்து, திரும்பி வருவதற்குள் பெண் அறையில் புடவைக்குப் பின் குத்தி முடித்திருப்பார்கள். அதனால்தான் மண்டபத்தின் பெயரைக் கேட்டதும் நான் முதலில் விசாரிப்பது, மாப்பிள்ளை வீட்டார் எங்கே தங்குகிறார்கள் என்பதை. இருக்கை எத்தனை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆறு மணிக்குப் பிறகு எல்லாம் மேடையில். இடம் ஒன்றுதான். ஆனால் அந்த ஓரிடத்துக்குள்ளேயே பல முகங்கள் இருக்கின்றன. கெட்டிமேளம் கொட்டுகிற அந்தக் கொஞ்ச நேரத்தை நிதானமாக நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை குனிகிறார். பெண் தலை தாழ்த்தியிருக்கிறாள். மாலை தடிமனாக இருப்பதால் முடிச்சுப் போடும் விரல்கள் முன்னாலிருந்து தெரியாது. பின்னால் விளக்குப் பிடித்து நிற்கிற நாத்தனார் பக்கமிருந்து பார்த்தால்தான் தெரியும். பல வீடுகளில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவார். அதுவும் அந்தப் பக்கம்தான். அந்தக் கணத்தில் பெண்ணின் அப்பா எங்கே? பெரும்பாலும் ஓர் ஓரத்தில், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. கீழே எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அட்சதை போடக் கைகள் உயர்கின்றன, கூடவே செல்போன்களும். ஹாலின் நடுவில் தரையில் ஸ்டாண்டு போட்டு நிற்கிற கேமராவுக்கு அப்போது தெரிவது முதுகுகள் மட்டும்தான்.

இந்த முழுக் காட்சியும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். திரும்ப எடுக்க முடியாது. ஒருவர் மட்டும் இருந்தால் அவர் முன்னால் நின்று தாலியை எடுப்பார், அதுதான் முறை. அப்பாவின் முகம் போய்விடும். இரண்டாவது ஆள் இருந்தால் மேடையின் ஓரத்தில், நாத்தனார் பக்கமாக நின்று முடிச்சையும் அப்பாவையும் பிடிப்பார். கல்யாணம் முடிந்து வருஷங்கள் கழித்து வீடியோவை ஓடவிட்டுப் பார்க்கிறவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது இந்த இரண்டாவது ஆள் எடுத்ததைத்தான். இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் ஒருவரே எல்லாவற்றையும் எடுத்தாரே என்று கேட்கலாம். எடுத்தார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோளில் வைக்கிற பெரிய விஎச்எஸ் கேமரா, பக்கத்தில் சுடச்சுட எரிகிற ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடிக்க ஒரு பையன், அவனுக்குப் பின்னால் நீண்டுகொண்டே போகும் ஒயர். அந்தக் கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். வந்தவர், நின்றவர், சாப்பிட்டவர் எல்லாம் மூன்று மணி நேரக் கேசட்டில் வரிசையாக விழுந்தார்கள். அதற்கென்று ஓர் அருமை உண்டு. இன்று இல்லாத தாத்தா பாட்டிகள் அந்தக் கேசட்டுகளில்தான் நடமாடுகிறார்கள்.

2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்தது. போட்டோ எடுக்கிற கேமராவிலேயே முழு எச்டி வீடியோ. பின்னணி மங்கி முகம் மட்டும் துலங்குகிற சினிமாப் பார்வை. ஆனால் எச்டி தரத்தில் ஒரே மூச்சில் சுமார் 12 நிமிடம்தான் எடுக்கும். அதன் பிறகு வந்த பல போட்டோ கேமராக்களும் 29 நிமிடம் 59 விநாடியில் நின்றுவிடும். அரை மணி நேரம் எடுக்கிற கருவி என்றால் ஐரோப்பாவில் அதை வீடியோ கேமரா என்று கணக்கிட்டுக் கூடுதல் சுங்க வரி போட்டார்கள். அதைத் தவிர்க்க வைத்த எல்லை அது. இப்படிப்பட்ட கேமராவைக் கையில் எடுத்தவர் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. தேர்ந்தெடுத்துத்தான் எடுக்க வேண்டும். அங்கேதான் வேலை இரண்டாகப் பிரிந்தது. விடாமல் ஓடுகிற கேமராவை ட்ரெடிஷனல் என்கிறோம். தேடிப் போகிற கேமராவை கேண்டிட், சினிமாட்டிக் என்கிறோம். இன்றைய கேமராக்களில் அந்த நேர எல்லை அநேகமாகப் போய்விட்டாலும் இரண்டு வேலைகளும் தனித்தனியாகவே நிலைத்துவிட்டன.

இரண்டையும் ஒருவரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? ஜிம்பலில் கேமராவை வைத்து, பெண்ணின் மருதாணிக் கையைச் சுற்றி மெதுவாக நகர்த்தி எடுத்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் கூறைப்புடவைத் தட்டு கை மாறிவிடும். தட்டைத் துரத்தினால் இந்த ஷாட் போச்சு. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரே சமயத்தில் இரண்டு கண்ணோட்டத்தில் பார்க்க முடியாது. பெரியவர்களுக்குச் சடங்கு முழுசாக வேண்டும். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நண்பர்களுக்கு அனுப்ப நான்கு நிமிடப் பாட்டு வேண்டும். இரண்டும் நியாயமான ஆசை.

அதனால் நான் சொல்கிற பதில், தமிழ்நாட்டு மண்டபக் கல்யாணங்களில் பெரும்பாலானவற்றுக்கு வீடியோவுக்கு இரண்டு பேர். போட்டோவுக்கு வருகிறவர்கள் இதில் சேர்த்தி இல்லை. ஸ்டுடியோக்காரர் “நாலு பேர் டீம்” என்று சொன்னால் அதில் வீடியோவுக்கு எத்தனை பேர், போட்டோவுக்கு எத்தனை பேர், விளக்குப் பிடிக்க வருகிறவரையும் சேர்த்துச் சொல்கிறாரா என்று பிரித்துக் கேளுங்கள். நாலு பேர் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டு, வீடியோ எடுக்க ஒருவர்தான் என்பதைக் கல்யாணத்தன்று தெரிந்துகொள்கிற வீடுகள் இருக்கின்றன.

ஒருவரே போதும் என்கிற கல்யாணங்களும் உண்டு. கோயில் கல்யாணம் அதில் முதலாவது. வடபழனி முருகன் கோயில் போன்ற இடத்தில் முகூர்த்த நாளில் ஒரு ஜோடி எழுந்ததும் அடுத்த ஜோடி உட்காரும். நிற்க இடமே கொஞ்சம். அங்கே இரண்டாவது கேமரா சொந்தக்காரர் ஒருவரின் இடத்தைத்தான் பிடிக்கும். கேமராவை எங்கே அனுமதிப்பார்கள், கட்டணம் என்ன என்பதைக் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பதிவுத் திருமணம், வீட்டு நிச்சயதார்த்தம், வளைகாப்பு, இவற்றுக்கும் ஒருவர் போதும். மாலை வரவேற்பைக்கூட ஒருவரை வைத்து நடத்திவிடலாம். பரிசோடும் மொய்க் கவரோடும் ஒவ்வொரு குடும்பமாக மேடை ஏறி நிற்பதைக் கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாமவர் இருந்தால் அவரை மேடையிலிருந்து கீழே அனுப்ப வேண்டும். பந்தியில் பரிமாறுகிற சித்தப்பா, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கதை பேசுகிற பழைய சிநேகிதர்கள், மேடைப் படியில் தூங்கிவிட்ட குழந்தை, இதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

மூன்றாமவர் எப்போது வேண்டும்? சடங்கே இரண்டு இடத்தில் பிரிந்து நடக்கும்போது. கொங்கு வீடுகளில் சீர்கள் இரண்டு பக்கமும் தனித்தனியாக நடக்கும். மாப்பிள்ளையின் சகோதரியை உட்கார வைத்துச் செய்கிற இணைச்சீர் நடக்கும்போது பெண் வீட்டுச் சீரும் ஓடிக்கொண்டிருக்கலாம். நிக்காஹில் ஆண்கள் பகுதியும் பெண்கள் பகுதியும் தனித்தனி என்றால், பெண்கள் பகுதிக்கு ஒரு பெண் வீடியோகிராபரைச் சொல்லிவையுங்கள். மணமகள் அறைக்கும் அதுவே நல்லது, எந்த மதமானாலும். பெண் எடுத்தால் அறைக்குள் இருப்பவர்கள் இயல்பாக இருப்பார்கள். சர்ச் கல்யாணத்துக்கு இரண்டு பேர் சரியாக இருக்கும், ஒருவர் பக்கவாட்டிலும் ஒருவர் பாடகர் குழு நிற்கிற மாடியிலுமாக. பீடத்துக்குப் பக்கத்தில் போகலாமா என்பதைப் பாதிரியாரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பிராமணக் கல்யாணத்தில் காசி யாத்திரைக்கு மாப்பிள்ளை குடையோடு வாசலுக்குப் போகிறபோது பெண் இன்னும் உள்ளே அலங்காரத்தில் இருப்பாள். ஆனால் அது கொஞ்ச நேரம்தான். மாலை மாற்றலுக்கும் ஊஞ்சலுக்கும் எல்லோரும் ஓரிடத்துக்கு வந்துவிடுவார்கள். அதற்காக மூன்றாமவர் வேண்டாம்.

ஹாலில் எல்இடி திரை வைத்து மேடையை நேரடியாகக் காட்டப் போகிறீர்கள் என்றால், அல்லது வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு யூடியூபில் லைவ் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கென்று ஒருவர் தனியாக வேண்டும். 2020இல் கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டபோது இந்த லைவ் வீட்டுக்கு வீடு வந்தது. பிறகு போகவே இல்லை. திரைக்குப் படம் கொடுக்கிற கேமராவால் தன் இஷ்டத்துக்குத் திரும்ப முடியாது. அது திரும்பினால் திரையில் ஹாலே சுற்றும். எனவே அவர் ஒரே இடத்தில் கட்டுண்டவர் என்று கணக்கில் வையுங்கள். தேடிப் போகிற வேலையை அவரிடம் எதிர்பார்க்காதீர்கள்.

நான் பிடிவாதமாகச் சொல்கிற விஷயம் இனிமேல்தான் வருகிறது. பல கல்யாணங்களில் பெண் வீட்டார் ஒரு டீமையும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு டீமையும் கூட்டிவருகிறார்கள். இரண்டு வீடும் தங்களுக்கு நாலே பேர்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். மேடையில் எட்டுப் பேர் நிற்பார்கள். அதோடு விளக்குப் பிடிக்கிறவர்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் தாலி கட்டியது தெரியாது. கறுப்புச் சட்டை முதுகுகள் மட்டும் தெரியும். இருநூறு மைல் பஸ்ஸில் வந்தவர்கள் அவர்கள். கல்யாணத்தைக் கண்ணால் பார்க்க வந்தவர்களுக்குப் பார்க்கும் உரிமை கேமராவுக்கு முன்னால் வர வேண்டும். சம்பந்திகள் பேசும்போதே வீடியோவுக்கு ஒரே டீம், செலவைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம், வீடியோவை இரண்டு வீட்டுக்கும் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்யுங்கள். அது முடியாவிட்டால், கெட்டிமேளத்தின்போது மேடையில் மொத்தமாக இரண்டு வீடியோ, இரண்டு போட்டோ, மற்றவர்கள் கீழே இறங்கிவிட வேண்டும் என்று இரண்டு டீமிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தங்களுக்குள் பேசிக்கொள்ளச் சொன்னால் நல்ல தொழில்காரர்கள் ஒத்துப்போவார்கள்.

அதிகம் பேரைச் சேர்ப்பதில் இன்னொரு சிக்கல், முகூர்த்த நாளின் நெருக்கடி. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. மற்ற மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தம் என்று எல்லோரும் ஒரே தேதியைப் பிடிக்கிறார்கள். தை, வைகாசி, ஆவணி மாதப் பெரிய முகூர்த்தங்களில் ஊரில் உள்ள நல்ல கைகள் எல்லாம் ஏதாவதொரு மண்டபத்தில் இருக்கும். ஸ்டுடியோ தன் சொந்த ஆட்கள் போக மற்றவர்களை ஃப்ரீலான்ஸாகத்தான் பிடிக்கும். முதல் இருவர் தேர்ந்தவர்களாக இருப்பார்கள். மூன்றாவதும் நான்காவதும் அன்று கிடைத்தவர்கள். அதனால் எண்ணிக்கையைவிட, வரப்போகிற இருவர் யார், அவர்கள் எடுத்த ஒரு முழுக் கல்யாண வீடியோவைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். நான்கு நிமிட டீசரைக் காட்டினால் திருப்திப்படாதீர்கள். டீசரில் நல்ல இருபது ஷாட் இருந்தால் போதும், மிச்ச நேரம் கேமரா எங்கே இருந்தது என்று அது சொல்லாது.

மூன்றாமவருக்குக் கொடுக்கிற பணத்தில் செய்யக்கூடிய உருப்படியான காரியம் ஒன்று உண்டு. ஒலி. தவிலும் நாதஸ்வரமும் பக்கத்தில் முழங்கும்போது கேமராவின் மைக் தானாகவே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். மேளம் நின்ற அடுத்த விநாடி தாத்தா வாழ்த்துவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். சட்டையில் குத்துகிற சிறிய மைக் ஒன்றை மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்துக்குள் வைத்துவிட்டால் மந்திரம், பெண்ணிடம் மெல்லக் கேட்கிற கேள்வி, மாமனார் சொல்கிற ஒரு வார்த்தை எல்லாம் வந்துவிடும். வரவேற்புக் கச்சேரிக்கு மிக்ஸரிலிருந்தே ஒரு ஒயர் எடுத்துக்கொள்ளலாம். முகத்தை போட்டோவிலும் பார்க்கலாம். ஒரு மனிதரின் குரலை வீடியோவில் மட்டும்தான் வைத்துக்கொள்ள முடியும்.

அடுத்தது பிரதி. 4கே தரத்தில் விநாடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கேமராவுக்குச் சுமார் 45 ஜிபி ஆகும். இரண்டு கேமரா, ஆளுக்கு ஆறு மணி நேரம் என்றால் 540 ஜிபி. மூன்றாவது கேமரா வந்தால் 810. இவ்வளவையும் ஒருவர் உட்கார்ந்து பார்த்துத்தான் எடிட் செய்ய வேண்டும். கேமரா கூடக் கூட வீடியோ கைக்கு வரும் தேதி தள்ளிக்கொண்டே போகும். இரண்டு கார்டு போடுகிற கேமராவா, ஒரே சமயத்தில் இரண்டிலும் பதிவாகுமா, கல்யாணத்தன்று இரவே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடுவார்களா என்று கேளுங்கள். இருவரும் ஒரே கம்பெனிக் கேமரா வைத்திருப்பது நல்லது, இல்லாவிட்டால் ஒன்றில் பெண் மஞ்சளாகவும் ஒன்றில் சிவப்பாகவும் தெரிவாள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இருவரும் விநாடிக்கு 25 அல்லது 50 ஃபிரேமில் எடுக்க வேண்டும்; மாற்றி வைத்தால் மேடை விளக்கு கோடு கோடாக ஓடும்.

ட்ரோனை வீடியோ ஆள் என்று எண்ணாதீர்கள். மண்டபத்துக்குள் அதற்கு வேலை இல்லை. 2021 ஆகஸ்டில் வந்த விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிடுகிறவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். விமான நிலையத்துக்கு அருகில் என்றால் அனுமதியும் வேண்டும். தோப்பிலோ கடற்கரையிலோ திறந்தவெளிக் கல்யாணம் என்றால் ஐந்து நிமிடக் காட்சிக்கு அழகு. மற்றபடி அந்தப் பணத்தை மைக்குக்குக் கொடுங்கள்.

இன்னும் ஒருவர் வேண்டும், அவருக்குச் சம்பளம் இல்லை. ஆள் காட்டுகிறவர். எனக்கும் என்னோடு வருகிறவருக்கும் உங்கள் வீட்டில் யாரையும் தெரியாது. பட்டுச் சேலையில் பளிச்சென்று இருப்பவரைச் சுற்றிச் சுற்றி எடுப்போம். அவர் பக்கத்து வீட்டு விருந்தாளியாக இருப்பார். பெண்ணை வளர்த்த பெரியம்மா பருத்திச் சேலையில் தூணோரம் நிற்பார். தாய்மாமன் யார், படிக்கவைத்த அத்தை யார், இந்தத் தள்ளாத வயதிலும் வந்துவிட்ட பாட்டி எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று காதோடு சொல்ல ஒருவர் இருந்தால், இரண்டு பேர் நான்கு பேர் வேலையைச் செய்வோம். மேடையில் சடங்குப் பொறுப்பு இல்லாத, இரண்டு பக்கச் சொந்தமும் தெரிந்த ஒரு தம்பியோ தங்கையோ போதும். அவருடைய போன் நம்பரையும், எந்தச் சடங்கு எத்தனை மணிக்கு என்ற தாளையும் முதல் நாள் மாலையே கொடுத்துவிடுங்கள். தாலி கட்டி முடிந்து ஆசீர்வாதம் நடக்கும்போது அவரே எங்கள் இருவரையும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பந்திக்கு அனுப்பிவைக்கட்டும். ஒருவர் சாப்பிட, ஒருவர் கேமராவில் நிற்க, வீடியோ அறுபடாமல் ஓடும்.